படிக்கத் தெரியாத முத்திரைக்காரர்

வால்கியாரா மடம்,
புனித லூக்கா திருநாள்

அன்புத் தம்பி லாந்தோவுக்கு, அக்கா இமில்யா எழுதுவது.

ஆண்டவர் புண்ணியத்தில் நான் சுகமாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் படியேறும்போது முணுமுணுக்கிறது. உன் தோள்வலி எப்படி இருக்கிறது? நீ இருக்கும் வித்தேர்போவில் வெந்நீர் ஊற்று உண்டென்றும், அதில் முங்கி எழுந்தால் எந்த வலியும் ஓடிவிடும் என்றும் கம்பளி வியாபாரி நூத்தோ சொல்கிறார். முங்கினாயா?

எங்கள் மடத்துத் தாயார் அறுவடை முடிந்த வாரத்தில் இறந்துபோனார். கடைசிவரை பேச்சு தெளிவாக இருந்தது. "பாலாடைக்கட்டியில உப்பு ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். அடக்கம் முடிந்ததும், எங்கள் ஒழுங்குப்படி நாங்கள் கூடி எங்களுக்குள் ஒருத்தியைத் தாயாராகத் தேர்ந்தெடுத்தோம். மாற்றுக் குரலே இல்லை. ஆனால் மறைமாவட்ட ஆயர் அதை ஏற்க மறுக்கிறார். தம் மாமன் மகள் கொஸ்தான்சா அம்மையாரைத்தான் அந்த நாற்காலியில் உட்காரவைப்பாராம். அந்த அம்மாள் இந்த மலைப்பக்கம் ஒருமுறைகூட வந்ததில்லை.

பாப்பரசரிடமே முறையிடலாம் என்று எங்கள் பூசைச்சாமி போன்ஃபீல்யோ சொல்கிறார். நீயோ பாப்பரசரின் கடிதங்களுக்கே ஈய முத்திரை குத்துகிறவன். அங்கே யாரிடம் போவது, எப்படிப் போவது என்று எழுது.

உன்னை ஒவ்வொரு செபத்திலும் நினைக்கும்,
அக்கா

*

வித்தேர்போ,
புனித மார்த்தீன் திருநாள் கழிந்து

மதிப்புக்குரிய அக்காவுக்கு லாந்தோவின் வணக்கம்.

வெந்நீரில் முங்கினேன். தோள்வலி போகவில்லை, செருப்புதான் போயிற்று. மற்றபடி சுகம். உன் முழங்காலுக்குக் கரடிக் கொழுப்பு தேடிக்கொண்டிருக்கிறேன்.

தாயாருக்காக அழுதேன். சிறுவனாக உன்னைப் பார்க்க வரும்போதெல்லாம் கம்பி வழியாக எனக்கு ஆப்பிள் உருட்டிவிடுவார்.

இப்போது ஒரு முக்கியமான சமாச்சாரம். இனிமேல் என் பெயர் போட்டுக் கடிதம் அனுப்பாதே! எனக்குப் படிக்கத் தெரியாது.

சிரிக்காதே. இங்கே சட்டம் அப்படி. ஈயம் குத்துகிறவன் கையில் பாப்பரசரின் எல்லா ரகசியமும் வந்து போகிறது. அதனால் எழுத்து வாசனையே இல்லாத ஆளாகப் பார்த்து வைப்பார்கள். எங்கள் துறவு மடத்துக்கு வந்து ஆள் கேட்டபோது நான் மண்வெட்டியோடு வரப்பில் நின்றேன். என்னைக் காட்டி, "இவன் போவான்" என்றார் மடாதிபதி. ஓர் எழுத்தர், எழுத்து நிறைந்த தோல் ஒன்றை என் முகத்துக்கு நேரே பிடித்து, "இது என்னப்பா?" என்றார். "ஆட்டுத்தோல் சாமி" என்றேன். அதில் பொய் என்ன இருக்கிறது? எல்லோரும் சிரித்தார்கள். வேலை கிடைத்துவிட்டது. நீ எனக்குச் சாம்பலில் எழுத்துக் கற்றுக்கொடுத்ததை அங்கே யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

உன் கடிதத்தைக் கொண்டுவந்த நூத்தோ நடு முற்றத்தில் நின்று, "லாந்தோவுக்கு அவங்க அக்காகிட்டயிருந்து கடுதாசி!" என்று கூவினார். என்ன செய்வது? ஒத்தோ என்ற எழுத்தரிடம் கொடுத்து, வாசித்துக் காட்டும்படி கெஞ்சி, நீ எழுதியதை வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். முழங்கால் சமாச்சாரம் இப்போது எழுத்தகம் முழுக்கத் தெரியும். இனி நூத்தோ ரகசியமாக என் கையில் தரட்டும்.

முறையீட்டை எழுதி அனுப்புங்கள். பிறகு உங்கள் பக்கம் பேச ஓர் ஆள் நேரில் வந்தே ஆகவேண்டும். ஆள் வராத வழக்கு அப்பனில்லாத பிள்ளை மாதிரி.

தேர்ந்தெடுத்தது யாரை? சொல்லவே இல்லையே. இலாரியாவாக மட்டும் இருக்கக்கூடாது. என்னைத் துடைப்பத்தால் அடித்தவள்.

உன் தம்பி, எழுத்தறியாத லாந்தோ

*

வால்கியாரா,
மூன்று அரசர் திருநாளுக்கு மறுநாள்

தம்பிக்கு ஆசீர். இங்கே எல்லோரும் சுகம், பனி இடுப்பளவு. கரடிக் கொழுப்பு வந்தது. நாற்றத்துக்குப் பயந்து முழங்கால் தானே நடக்கிறது.

உன் கடிதத்தைச் சாப்பாட்டு அறையில் வாசித்துக் காட்டினேன். தவறுதான், ஆனால் அன்று எல்லோருக்கும் சிரிப்பு தேவைப்பட்டது. துடைப்பத்தைப் பற்றிக் கேட்டதும் இலாரியா, "இன்னும் ரெண்டு போட்டிருக்கணும்" என்றாள்.

திருவருகைக் காலத்தில் ஆயரின் ஆட்கள் கொஸ்தான்சா அம்மையாரை அழைத்துக்கொண்டு வந்தார்கள். பல்லக்கு, பெட்டிகள், மடியில் இரண்டு குட்டி நாய்கள். கதவைத் தட்டினார்கள். "செபத்துல இருக்கோம்" என்றோம். "எப்ப முடியும்?" என்றார்கள். "இப்பத்தான் முதல் சங்கீதம்" என்று உள்ளேயிருந்து சொல்லிவிட்டு, நூற்றைம்பது சங்கீதத்தையும் ஒன்று விடாமல் பாடினோம். நடுவில் எட்டிப் பார்த்தேன். அந்த அம்மாள் மூக்கு சிவந்து, நாய்களைப் போர்வைக்குள் விட்டு, "என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்களேன்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். பாவமாகத்தான் இருந்தது. சூடான பால் கொடுத்து அனுப்பினோம், சன்னல் வழியாக.

அதற்குப் பிறகு ஆயர் எங்கள் மடத்துக்குத் தடை போட்டுவிட்டார். கதவைத் திறக்கும்வரை பூசை கூடாது, மணி அடிக்கக்கூடாது. கிறிஸ்து பிறப்பு அமைதியாகக் கழிந்தது. மணிக்கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டியிருக்கிறோம். கீழே மேய்ப்பர்களுக்கு நேரமே தெரியவில்லையாம்.

முறையீட்டை நூத்தோவிடம் கொடுத்துவிட்டோம். போன்ஃபீல்யோ சாமி இன்றுதான் கிளம்புகிறார். ஆயரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவதுதான் மரியாதை என்று அவர் நகரத்து வழியாகப் போகிறார்.

அக்கா

*

வித்தேர்போ,
மெழுகுதிரித் திருநாள்

அக்காவுக்கு வணக்கம். சுகம், நலமறிய ஆவல். மூக்கு மட்டும் ஓயாமல் ஒழுகுகிறது.

உங்கள் முறையீடு வந்து சேர்ந்துவிட்டது. வேறு கடிதமாயிருந்தால் நான் வாயே திறக்க மாட்டேன். என் மேசைக்கு வருவதை யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறேன். இது நீங்கள் எழுதியது, அதனால் சொல்கிறேன். இங்கே பெயரை முழுதாக எழுதும் வழக்கமில்லை. முதல் எழுத்து, ஒரு புள்ளி, அவ்வளவுதான். 'மடத்துத் தாயாராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இ.' என்று இருக்கிறது.

இலாரியாதானா! நான் பயந்ததே நடந்துவிட்டது. அக்கா, உங்கள் எல்லோருக்கும் புத்தி கெட்டுவிட்டதா? அவள் குரலுக்கு மலையே சரியும். சரி, பெரிய இடத்துப் பெண். அவள் அப்பனுக்குக் கோட்டை இருக்கிறது. ஆயர் குறை சொல்ல முடியாது. அதற்காகத்தான் தேர்ந்தெடுத்தீர்களா?

ஆயரின் வழக்காளர் போல்சேனா ஏரி விலாங்கு மீனாகப் பொரித்து எழுத்தர்களுக்கு விருந்து வைக்கிறார். என்னோடு ஈயம் குத்தும் பந்தோல்ஃபோவும் நானும் கதவோரம் நின்று மோப்பம் பிடித்தோம். "எழுதத் தெரிஞ்சிருந்தா நமக்கும் ஒரு துண்டு கிடைச்சிருக்கும்டா" என்றார் அவர். நான் எச்சிலை விழுங்கிக்கொண்டேன்.

போன்ஃபீல்யோ சாமி இன்னும் வரவில்லை.

லாந்தோ

*

வால்கியாரா,
தவக்காலத் தொடக்கம்

தம்பிக்கு, சுகம். உன் மூக்குக்கு வெங்காயத்தைச் சுட்டுச் சாப்பிடு.

சாமி இன்னுமா வரவில்லை? நாங்கள் ஈஸ்டருக்குள் மணி அடிக்கும் என்றிருக்கிறோம். விசாரித்து எழுது.

இலாரியா உன்னை விசாரித்தாள். நீ எழுதியதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். ஆடுகள் குட்டி போட ஆரம்பித்துவிட்டன. வேலை தலைக்குமேல் இருக்கிறது. அதனால் சுருக்கமாக முடிக்கிறேன்.

அக்கா

*

வித்தேர்போ,
தவக்காலத்தின் நடு ஞாயிறு

அக்கா,

சுகம் விசாரிக்க இன்று மனசு வரவில்லை. கோபத்தில் எழுதுகிறேன்.

இதை என் மேசையில் படிக்கவில்லை. கிணற்றடியில் காதில் விழுந்தது. இரண்டு எழுத்தர்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எதுவும் புரியாது என்ற நினைப்பில், என் எதிரில் எதையும் பேசுவார்கள்.

"அந்த மலைமடத்துக் கதை தெரியுமா? அவளுக தாயாரா எடுத்தவளோட அப்பன் கோவேறு கழுதை ஓட்டினவனாம்!"

"அப்ப மடத்துல பூசைக்குப் பதிலா 'ஹோய் ஹோய்'னு கத்துவாளுக."

நான் வாளியோடு நின்றேன். இலாரியாவின் அப்பனுக்குக் கோட்டை. அந்த மடத்தில் கோவேறு கழுதைக்காரன் மகள் ஒருத்திதான்.

நம் அப்பாவுக்குப் பெயர் உண்டு, அக்கா. கணவாய்வழி உப்பு ஏற்றிப்போனவர்களில் ஒரு மூட்டையைக்கூட நனையவிடாதவர் என்று பெயர். அதைச் சொல்ல வாய் வந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை?

லாந்தோ

*

வால்கியாரா,
குருத்து ஞாயிறுக்கு முன்

என் லாந்தோவுக்கு,

நீ கோபித்துக்கொண்டாலும் நான் சுகம் விசாரிப்பேன். சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா?

அன்று கூடத்தில் என் பெயரைச் சொன்னதும் ஓடிப்போய் ஆட்டுக்கொட்டகையில் நின்றேன். இலாரியாதான் வந்து கையைப் பிடித்து இழுத்தாள். "கோட்டையில பொறந்தவ நான் சொல்றேன், வா" என்றாள். அவள் குரலை எதிர்த்து யார் பேசுவது?

ஆயர் மறுத்த காரணம் எனக்கு முதல் நாளே தெரியும். அந்தச் சொல் உன் காதில் விழவேண்டாம் என்று நினைத்தேன். நீ அவர்கள் நடுவில் இருக்கிறவன்; தினமும் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டியவன். அப்புறம், தோற்றுவிட்டால் யாருக்கும் தெரியாமல் தோற்கலாம் என்ற ஆசையும் இருந்தது. நீ இலாரியா என்று எழுதினாயா, அது வசதியாகப் போயிற்று.

ஒன்று கேட்டுக்கொள். இதில் நீ எதுவும் செய்யாதே. உனக்குப் படிக்கத் தெரியும் என்று வெளிப்பட்டால் உன்னை அங்கே வைத்திருக்க மாட்டார்கள். மணி அடிக்காத மடத்தில் நாங்கள் இருந்துகொள்வோம். பழகிவிட்டது.

அக்கா

*

வித்தேர்போ,
ஈஸ்டர் கழிந்த புதன்

அக்காவுக்கு ஈஸ்டர் வாழ்த்து. உன் கடிதம் நேற்றுதான் கைக்கு வந்தது. எதுவும் செய்யாதே என்று எழுதியிருக்கிறாய். செய்துவிட்டேன்.

புனித வாரத்துக்கு முன்னால் மேசையில் ஒரு கட்டு வந்தது. பந்தோல்ஃபோ சணல் நூலைக் கோர்த்து, ஈயத்தை வைத்து, "பிடிடா" என்றார். சணல் என்றால் கட்டளை. பட்டு என்றால் சலுகை. எழுத்துத் தெரியாத அவருக்கும் அது தெரியும். என் கண் தோலில் ஓடியது. உள்ளே இருந்ததை இப்போதும் சொல்ல மாட்டேன். உன் முதல் எழுத்து இருந்தது என்று மட்டும் தெரிந்துகொள்.

"நிறுத்துங்கண்ணே" என்றேன்.

"என்னடா, தோளு வலிக்குதா?"

"இதை நான் குத்த மாட்டேன்."

அவர் தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லாத்தையும் போலத்தான இருக்கு?"

என்னை எழுத்தகத் தலைவரிடம் கூட்டிப்போனார்கள். பெரிய உடம்பு, சின்னக் கண், கையில் எப்போதும் ஒரு பேரிக்காய். "மாட்டேன்னா சொன்னே? ஏன்?"

"எங்க அக்கா சம்பந்தப்பட்டது சாமி."

"உனக்கு எப்படித் தெரியும்?"

எழுத்தர் ஒத்தோ பக்கத்தில்தான் நின்றார். உன் முதல் கடிதத்தை வாசித்தவர். 'இவர் சொன்னார்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் வேலை தப்பிவிடும், அவர் வேலை போய்விடும். பொய் நாக்கு நுனிவரை வந்தது.

"படிச்சேன் சாமி" என்றேன்.

அறையில் எழுதிக்கொண்டிருந்த எல்லா இறகும் நின்றுவிட்டது. பிறகு ஒவ்வொரு எழுத்தர் முகமாக வெளுத்தது. இத்தனை காலம் என் எதிரில் என்னென்ன பேசினோம், என்னென்ன விரித்துப் போட்டோம் என்று யோசிக்கிறார்கள்! ஒத்தோ, "விலாங்கு மீன் விஷயம் கூடவா?" என்று முணுமுணுத்தார். தலைவர் திரும்பி, "எந்த விலாங்கு மீன்?" என்றார். எனக்குப் பயத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

"வந்ததுலேர்ந்தே படிச்சியா?"

"கண்ணு திறந்திருந்தா படிச்சிடுது சாமி. மூடிக்கிட்டுக் குத்தினா விரல் போயிடும்."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சாமி. இப்பவும் உள்ள என்ன இருக்குன்னு சொல்லல. குத்த மாட்டேன்னு மட்டும்தான் சொன்னேன். அவங்க பக்கத்து ஆளு கிளம்பி வந்துக்கிட்டிருக்காரு. அவரைக் கேட்காம முடிக்கக்கூடாது."

அவர் பேரிக்காயை முழுதும் தின்று முடித்தார். எனக்கு அது ஒரு தவக்காலம் மாதிரி நீண்டது. பிறகு அந்தத் தோலை எடுத்துத் தம் மேசைக்கடியில் வைத்துக்கொண்டு, என்னை வெளியே போகச் சொன்னார். அன்றிலிருந்து விறகு பிளக்கிறேன். பந்தோல்ஃபோ என்னோடு பேசுவதில்லை.

பயப்படாதே. தோள்வலி குறைந்திருக்கிறது, விறகுதான் மருந்துபோல.

லாந்தோ

*

வித்தேர்போ,
தூய ஆவி ஞாயிறு முடிந்த மறுநாள்

அக்கா! அக்கா! சுகம் சுகம் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய், இருந்தே ஆகவேண்டும்.

உன்னிடமிருந்து பதில் இல்லை. கணவாயில் பாலம் உடைந்ததால் நூத்தோ வரவில்லை என்று கேள்விப்பட்டேன். பாலம் சரியானதும் இது உனக்குக் கிடைக்கும். அதற்குள் விஷயமே கிடைத்துவிடலாம்.

போன்ஃபீல்யோ சாமி வந்துவிட்டார். இன்னும் கொஞ்சம் பருத்து வந்திருக்கிறார். ஆயரின் ஆட்கள் அவரை விருந்தாளியாகவே பிடித்து வைத்துக்கொண்டார்களாம். "ஒவ்வொரு நாள் காலையிலயும் கிளம்புறேன்னேன்பா. மலையில பனி, இந்த மீனை மட்டும் சாப்பிட்டுட்டுப் போங்கன்னாங்க" என்று அழுதார். தவக்காலம் முழுக்க ஒரு மனிதரை மீனால் சிறைவைத்திருக்கிறார்கள்.

வழக்கை மறுபடி கேட்டார்கள். நான் கதவுக்கு வெளியே விறகோடு நின்றேன். சாமி சாதுவாகத்தான் பேசினார்: ஒழுங்குப்படி தேர்தல், எல்லோரும் ஒரே மனது, வேறென்ன வேண்டும் என்றார். ஆயரின் வழக்காளர் எழுந்து, "கோவேறு கழுதை ஓட்டினவன் மகளை ஒரு மடத்துக்குத் தாயாராக்கினா உலகம் சிரிக்கும்" என்றார்.

எழுத்தகத் தலைவர் மேசையிலிருந்த ஒரு ஈய முத்திரையை எடுத்து அவர் முன்னால் உருட்டிவிட்டார். "இதுல ரெண்டு தலை இருக்கு, பாருங்க. பேதுரு மீன் பிடிச்சவரு. பவுலு கூடாரம் தைச்சவரு. இவங்க முகம் இல்லாம நம்ம எழுத்துக்கு ஒரு மதிப்பும் இல்ல. கோவேறு கழுதை மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

வழக்காளரே சிரித்துவிட்டார். அப்புறம் வாதம் எங்கே நிற்கும்?

பாப்பரசர் ஒப்புதல் தந்துவிட்டார். நீதான் தாயார். தடையும் நீங்குகிறது. எல்லோர் முன்னிலையிலும் வாசித்ததால் இதைச் சொல்லலாம்.

என் கதை: படிக்கத் தெரிந்தவன் முத்திரை மேசையில் உட்காரக்கூடாது என்பது சட்டம், அதில் மாற்றமில்லை. "ஆனா, படிக்கத் தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டிருக்கிறவன் எனக்கு இந்த ஊர்ல கிடைக்கல" என்று தலைவர் என்னை நகல் எழுதும் அறையில் போட்டிருக்கிறார். நாள் முழுக்க உட்கார்ந்து இடுப்பு ஒடிகிறது. ஈயத்தின் வாசனைக்கு ஏங்குகிறேன்.

உனக்கு வரும் பாப்பரசர் கடிதத்துக்கு முத்திரை குத்தியது பந்தோல்ஃபோ. சொந்தக்காரன் என்பதால் என்னைப் பக்கத்திலேயே விடவில்லை. வேலை முடிந்ததும் அவராகவே என்னைத் தேடி வந்தார். நான் குத்த மறுத்த பிறகு அதுதான் முதல் பேச்சு.

"பட்டு நூலு போட்டேன்டா. சிவப்பும் மஞ்சளும். உங்க அக்காவோடதுன்னு சொன்னாங்க. நல்லா அழுத்திக் குத்தினேன்."

"ரொம்ப நன்றிண்ணே."

"ஒரே தட்டுல சாப்பிட்டோம். என்கிட்டகூடச் சொல்லலியே நீ."

"சொல்லியிருந்தா உங்களுக்கும் அது பாரமாயிருக்கும்ண்ணே."

யோசித்தார். "எனக்கும் சொல்லிக்கொடுப்பியா?"

"வேலை போயிடும்ண்ணே."

"என் பேரு மட்டும். அதைப் படிச்சா ரகசியமா?"

இப்போது விறகுக்கொட்டகைச் சாம்பலில் அவர் பெயரை எழுதிக்கொண்டிருக்கிறோம். பாதி வந்திருக்கிறது.

லாந்தோ

*

வால்கியாரா,
புனித ஸ்நாபக அருளப்பர் திருநாள் வாரம்

என் அன்புத் தம்பிக்கு, அக்கா எழுதுவது.

எல்லோரும் பூரண சுகம். உன் இடுப்புக்கு ஆட்டுத்தோல் மெத்தை அனுப்புகிறேன். அது என்ன என்று யாராவது கேட்டால் இம்முறையும் உண்மையைச் சொல்.

உன் இரண்டு கடிதங்களும், பாப்பரசரின் கடிதமும், போன்ஃபீல்யோ சாமியும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. இலாரியா யாரையும் கேட்கவில்லை. ஆணியிலிருந்து கயிற்றை எடுத்து இழுத்தாள். அவள் விடவே இல்லை. மேய்ப்பர்கள் தீப்பிடித்துவிட்டதென்று வாளிகளோடு ஓடிவந்தார்கள். நான் உன் கடிதத்தை வைத்துக்கொண்டு ஆட்டுக்கொட்டகைக்குப் போனேன். 'படிச்சேன் சாமி' என்ற இடத்தைத் தாண்ட முடியவில்லை. எதுவும் செய்யாதே என்றேன், செய்துவிட்டாய். உன்னைத் திட்டத் தகுந்த வார்த்தை தேடிக்கொண்டிருக்கிறேன், கிடைத்ததும் எழுதுகிறேன்.

நேற்று முன்தினம் ஆயர் என்னை ஆசீர்வதித்துப் பதவியில் அமர்த்த வந்தார். வரமாட்டார், ஆள் அனுப்புவார் என்றுதான் நினைத்தோம். தாமே வந்தார். கூடவே கொஸ்தான்சா அம்மையாரும், நாய்களும். அந்த அம்மாள் பல்லக்கைவிட்டு இறங்கியதும் இறங்காததுமாக என் கையைப் பிடித்து, "நல்லவேளை தாயே, ஜெயிச்சுட்டீங்க. இந்தக் குளிர்ல என்னை விட்டிருந்தா செத்தே போயிருப்பேன்" என்றார். கோடையில்கூட இரண்டு போர்வை போர்த்தியிருந்தார்.

ஆனால் ஆயர் வந்து சேரவில்லை. கேட்டால், கீழே ஓடையில் நிற்கிறார் என்றார்கள். நான் இறங்கிப் போனேன். வெள்ளைக் கோவேறு கழுதை, நல்ல சாதி. ஓடை நடுவில் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றது. ஆயர் தொப்பியும் மேலங்கியுமாக அதன்மேல். முன்னால் இரண்டு பேர் இழுக்கிறார்கள், பின்னால் இரண்டு பேர் தள்ளுகிறார்கள். அது காதைக்கூட அசைக்கவில்லை. என்னைப் பார்த்ததும் ஆயர் முகம் சிவந்தது. அவருக்கும் எல்லாம் ஞாபகம் வந்திருக்கும். எனக்கும் வந்தது.

"எவ்ளோ நேரமா நிக்குறீங்க ஆண்டவரே?" என்றேன்.

"சங்கீதம் நூத்தம்பதும் பாடி முடிச்சிருக்கலாம்" என்றார்.

அந்த நொடியில் அவர்மீது இருந்த வருத்தமெல்லாம் போய்விட்டது, லாந்தோ. இழுத்தவர்களை விலகச் சொன்னேன். அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். அதன் கழுத்தைத் தட்டி, காதருகே குனிந்து, அப்பா கணவாயில் சொல்வதைச் சொன்னேன். கழுதை என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தது. பிறகு பெருமூச்சு விட்டுவிட்டு நடந்தது. கடிவாளத்தை நான் பிடித்துக்கொண்டேன். மடத்து வாசல்வரை நடத்திப்போனேன். வாசலில் இறங்கும்போது ஆயர் குனிந்து கேட்டார்.

"அதுகிட்ட என்ன சொன்னீங்க, தாயே?"

"அது மடத்துல சொல்ற வார்த்தை இல்லீங்க ஆண்டவரே."

சிரிப்பில் அவர் தொப்பி நழுவியது. ஆசீர்வாதச் செபம் படிக்கும்போதும் இரண்டு இடத்தில் தடுமாறினார். அன்று மாலையே போன்ஃபீல்யோ சாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அவருக்கும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. 'ஒரு வார்த்தை' என்று மட்டும் சொன்னேன்.

அது என்ன வார்த்தை என்று உனக்குத் தெரியும். எழுத வேண்டியதில்லை.

உன் அக்கா இமில்யா,
வால்கியாரா மடத்துத் தாயார்